போகாத கருகல் மணம்: வாசகர் வினா விடை

சென்ற இதழில் குசினிப் பராமரிப்பைப் பற்றி எழுதுகையில், "அடிப்பிடித்த மணத்துக்குச் சாம்பிராணி மருந்தாகாது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியை மறுத்தும் அதற்கு விளக்கம் கேட்டும் வந்த கடிதங்களால், இம்முறை இப்பகுதி முழுவதையும் கருகல் மணத்துக்கே ஒதுக்க வேண்டியதாயிற்று. கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

வினா: வெள்ளிக்கிழமை விரதச் சமையலுக்குப் பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு, வாசலுக்கு வந்த உறவினரோடு பேசிக்கொண்டிருந்ததில் அதை அடியோடு மறந்துவிட்டேன். நினைவு வந்து ஓடியபோது வீடு முழுவதும் புகை. நல்லவேளையாக நெருப்புப் பற்றவில்லை. சட்டி மட்டுமே போயிற்று. ஆனால் ஐந்து நாட்களாகியும் மணம் போகவில்லை. சாம்பிராணி போட்டேன், ஊதுபத்தி ஏற்றினேன், கடையில் வாங்கிய வாசனைத் தெளிப்பானும் அடித்தேன். இப்போது எல்லாம் கலந்த ஒரு மணம் நிற்கிறது. பகலில் அவ்வளவாகத் தெரிவதில்லை. இரவில் மழை பெய்தால் மீண்டும் எழும்புகிறது. (வாசகி, உப்புவெளி)

விடை: பருப்புக் கருகும்போது எழும் புகையை வெறும் வாயு என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். அதில் தார் போன்ற, எண்ணெய்த்தன்மையுள்ள நுண்துளிகளும் கரித்துகள்களும் நிறைந்திருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை ஒரு மைக்கிரோமீற்றரிலும் சிறியவை. தலைமுடி ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்கிரோமீற்றர் என்பதை நினைத்துப் பார்த்தால், அவை நுழையாத இடுக்கு வீட்டில் இல்லை என்பது விளங்கும். சூடான புகை மேலெழுந்து பரவி, தன்னைவிடக் குளிர்ந்த பரப்பு எதைத் தொட்டாலும் அதில் படிந்துவிடுகிறது. உங்கள் வீட்டுச் சுவரிலும், யன்னல் கண்ணாடியிலும், அலுமாரியின் முதுகுப்புறத்திலும், திரைச்சீலையிலும், மெத்தையிலும் இப்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் இருக்கிறது. அதிலிருந்து பினோல் வகையைச் சேர்ந்த சேர்மங்கள் சிறிது சிறிதாக ஆவியாகிக்கொண்டே இருக்கின்றன; அவற்றுட் பலவற்றை மிகச் சிறிய அளவிலேயே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். படலம் உள்ளவரை மணமும் இருக்கும். காற்றில் எதைத் தெளித்தாலும் சுவரில் உள்ள படலம் குறையப்போவதில்லை.

மழை இரவில் மணம் எழும்புவதற்கும் காரணம் இதுவே. காற்றில் ஈரம் மிகும்போது நீராவி துணியிலும் சுவரிலும் ஒட்டி, அங்கே பிடித்திருந்த மணச் சேர்மங்களை இடம்பெயர்த்து வெளியே தள்ளுகிறது. யன்னல்களையும் நாம் அடைத்துவிடுவதால் அவை வெளியேற வழியின்றி உள்ளேயே சுழல்கின்றன. உங்கள் உப்புவெளி அமைந்துள்ள திருகோணமலைக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையிலேயே கிடைக்கிறது என்பதால், சட்டியைக் கருக்குவதற்கு இதைவிடப் பொருத்தமற்ற காலம் உங்களுக்கு வாய்த்திருக்க முடியாது. மேற்கிலிருந்து வீசும் ஆடி மாதத்து உலர்ந்த கச்சான் காற்றில் இது நடந்திருந்தால், மேற்குப் பக்கத்து யன்னலையும் கிழக்குக் கதவையும் இரண்டு நாள் திறந்துவைத்ததிலேயே பாதி வேலை முடிந்திருக்கும். மாரியில் அந்தப் பாதியையும் நாமே செய்ய வேண்டியிருக்கிறது.

ஆகவே மழை விட்டிருக்கும் நேரம் பார்த்து, எதிரெதிராக உள்ள இரண்டு வாயில்களைத் திறவுங்கள். ஒன்றை மட்டும் திறந்தால் காற்று உள்ளே வந்து தேங்குமே தவிர ஓடாது. மேசை மின்விசிறி இருந்தால், அதை அறைக்குள் வீசும்படி வைக்காமல், காற்று வெளியேறும் யன்னலில் வெளியை நோக்கி வையுங்கள். கூரையில் தொங்கும் விசிறியைச் சுத்தஞ்செய்யும் வரை போட வேண்டாம். ஒரு கதிரையில் ஏறி அதன் இதழ்களின் மேற்புறத்தை விரலால் தொட்டுப் பார்த்தால் காரணம் புரியும்: முன்பே இருந்த தூசியில் புகைப்படிவு ஊறி, பிசுபிசுத்த ஒரு பூச்சாக அமர்ந்திருக்கும். எங்கிருந்து வருகிறதென்றே தெரியவில்லை என்று பலர் முறையிடும் மணம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வீட்டுக்குள் வீசப்படுகிறது. குளிரூட்டி உள்ள அறையாயின் அதன் வடிகட்டியையும் கழற்றிக் கழுவ வேண்டும்.

படிவு எண்ணெய்த்தன்மை உடையது என்பதால் வெறும் நீரில் அது போகாது. இளஞ்சூட்டு நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சிறிது கலந்து, துணியை நன்றாகப் பிழிந்து, சுவரைக் கீழிருந்து மேலாகத் துடைத்துச் செல்லுங்கள். மேலிருந்து தொடங்குவதுதான் முறை என்று தோன்றும். ஆனால் அப்போது வழியும் அழுக்கு நீர் உலர்ந்த சுவரில் கோடு கோடாகக் கறைபிடித்துவிடும். பிறகு நல்ல நீரில் நனைத்த வேறொரு துணியால் மறுமுறை துடைக்க வேண்டும். அதன் பின்னும் மணம் எஞ்சினால், ஒரு பங்கு வினாகிரிக்கு நான்கு பங்கு நீர் சேர்த்து, கண்ணாடி, மரக்கதவு, எண்ணெய்ப் பூச்சுப் பூசிய பரப்பு ஆகியவற்றைத் துடைக்கலாம். சுண்ணாம்புச் சுவரிலும், சீமெந்துத் தரையிலும், சலவைக்கல்லிலும் வினாகிரி படக்கூடாது. அமிலம் சுண்ணாம்பை அரித்துவிடும். வினாகிரி பட்ட இடத்தில் வெண்மையாக்கும் குளோரின் திரவத்தை ஒருபோதும் ஊற்ற வேண்டாம், ஏனெனில் இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயுவான குளோரின் வெளிப்படும்.

வினாகிரியைக் கொதிக்கவைத்து வீடெங்கும் ஆவி பரப்பும் முறையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். மீன் மணத்துக்கு அது நன்றாக உதவும். மீன் மணத்தைத் தரும் அமைன்கள் காரத்தன்மை உடையவை, அவற்றை அமிலம் சமன்செய்துவிடுகிறது. தார்ப்படலத்தை ஆவி கரைக்காது. வீட்டில் பத்துப் போத்தல் வினாகிரி இருந்தாலும் நான் அதைத் துடைக்கத்தான் பயன்படுத்துவேன்.

துணிகள்தாம் மிகப் பொறுமை கேட்பவை. திரைச்சீலைகளையும் விரிப்புகளையும், அரைக் கோப்பை அப்பச்சோடா கலந்த ஒரு வாளி நீரில் சில மணி நேரம் ஊறவிட்டு, வழக்கம்போலச் சவர்க்காரத்தில் துவைத்து வெயிலில் காயவிடுங்கள். காய்ந்ததும் முகர்ந்து பார்த்து, மணம் இருந்தால் மீண்டும் ஒருமுறை துவையுங்கள். மணம் போகாத துணியை மடித்து அலுமாரியில் வைத்தால் நல்ல சேலைகளுக்கும் அது ஏறிவிடும். துவைக்க முடியாத மெத்தைக்கும் செற்றிக்கும் உலர்ந்த அப்பச்சோடாவைத் தூவி, இரவு முழுவதும் விட்டு, காலையில் தூரிகையால் தட்டி எடுக்கலாம். அலுமாரி போன்ற மூடிய இடங்களில் ஒரு தட்டில் கரித்துண்டுகளை வைப்பது பயன்தரும். தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்து இலங்கை ஏற்றுமதி செய்யும் உயிர்ப்பூட்டிய கரியின், அதாவது நுண்துளைகள் நிறையும்படி பதப்படுத்திய கரியின், ஒரு கிராமுக்குள் ஏறத்தாழ 1,000 சதுர மீற்றர் உட்பரப்பு உண்டு; மணச் சேர்மங்கள் அந்த நுண்துளைகளில் ஒட்டிக்கொள்கின்றன. வீட்டுச் சிரட்டைக்கரிக்கு அந்த ஆற்றலில் சிறு பகுதியே இருந்தாலும் ஓர் அலுமாரித் தட்டுக்கு அது போதும். ஒரு கூடத்துக்குப் போதாது.

இவ்வளவும் செய்தபின் மணம் போயிற்றா என்பதை நீங்களே தீர்மானிக்க வேண்டாம். எந்த மணத்துக்கும் சில நிமிடங்களில் மூக்கு பழகிவிடும். வெளியே சென்று கால்மணி நேரம் நடந்துவிட்டு வந்து வாசலில் நின்று முதல் மூச்சில் என்ன தெரிகிறது என்று பாருங்கள், அல்லது அயல் வீட்டாரை அழைத்துக் கேளுங்கள். இன்னுமொன்று: தேயிலைப் பேணி அன்று மூடியிருந்ததா? தேயிலை சுற்றியுள்ள மணத்தை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். மல்லிகைப் பூக்களோடு தேயிலையைச் சேர்த்து வைத்து மணமூட்டுவது இந்த இயல்பை வைத்துத்தான். வீட்டை எல்லாம் கழுவிவிட்டு, காலைத் தேநீரில் கருகலைக் குடித்துக்கொண்டு மூக்கைக் குறைசொன்ன ஒரு வீட்டை நான் அறிவேன். அது என் வீடுதான்.

வினா: சாம்பிராணி மருந்தாகாது என்று எழுதியது எங்களுக்கு வருத்தமளித்தது. வெள்ளிதோறும் சாம்பிராணி போட்டுத்தான் எங்கள் தாய் வீட்டைத் துப்புரவாக வைத்திருந்தார். முன்னோர் அறியாமலா செய்தார்கள்? (வாசகர், மூதூர்)

விடை: உங்கள் தாயார் வீட்டைக் கூட்டி, கழுவி, பூசையறையை ஒழுங்குபடுத்திய பிறகே சாம்பிராணி போட்டிருப்பார் என்று நம்புகிறேன். என் தாயாரும் அப்படித்தான் செய்தார். துப்புரவு செய்தது துடைப்பமும் நீரும். சாம்பிராணி அதன்பின் வந்த மங்கலம். வழிபாட்டுக்கும் மனத்துக்கும் அதற்குள்ள இடத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் சாம்பிராணியும் புகைதான். ஒரு புகை படிந்த சுவரில் இன்னொரு புகையைப் படியவிட்டால், முன்னது மறைவதில்லை. இரண்டும் சேர்ந்து கனக்கின்றன. உப்புவெளி வாசகியின் அனுபவம் அதற்குச் சான்று. மணம் முற்றாகப் போனபின் போடுங்கள். வீட்டில் தொய்வு நோயாளி இருந்தால் அப்போதும் யன்னலைத் திறந்துவைத்துப் போடுங்கள்.

வினா: பெருநாளைக்கு நெய்ச்சோறு ஆக்கியபோது பெரிய அலுமினியச் சட்டி அடிப்பிடித்து, அடியில் ஒரு விரல் தடிப்புக்குக் கரி கட்டிவிட்டது. யாரோ சொன்னார்கள் என்று அப்பச்சோடா போட்டுக் கொதிக்கவைத்தேன். கரி இளகியது உண்மைதான். ஆனால் சட்டி உள்ளே கறுத்துவிட்டது. கருகல் மணமும் இன்னும் இலேசாக இருக்கிறது. சட்டியை எறிவதா? (வாசகி, கிண்ணியா)

விடை: எறிய வேண்டாம். உங்களுக்குச் சொன்னவர் எவர்சில்வர் சட்டியை மனத்தில் வைத்துச் சொல்லியிருப்பார். அப்பச்சோடாவைக் கொதிக்கவைக்கும்போது அது மேலும் காரமான சோடியம் காபனேற்றாக மாறுகிறது. கரியையும் கொழுப்பையும் அது இளக்குவது அதனால்தான். எவர்சில்வருக்கு அந்தக் காரம் தீங்கு செய்யாது. அலுமினியத்தையோ காரம் தாக்கிக் கறுப்பாக்கிவிடும். அந்தக் கறுப்பைப் போக்க அமிலம் வேண்டும். ஒரு தேசிக்காயளவு பழப்புளியைக் கரைத்த நீரைச் சட்டியின் கறுத்த மட்டம் வரை ஊற்றிப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். உட்புறம் வெளிறி வருவதைக் கண்ணாலேயே காணலாம். கொதித்ததும் கொட்டிவிட வேண்டும். புளிநீரை அலுமினியத்தில் இரவு முழுவதும் விடக்கூடாது.

எஞ்சியுள்ள மணம் பெரும்பாலும் அடியிலுள்ள கீறல்களிலும், மடிந்த விளிம்பிலும், கைபிடி பொருத்திய ஆணிகளின் இடுக்கிலும் தங்கிய கரியிலிருந்து வருவது. சட்டி நிறையச் சவர்க்கார நீர் ஊற்றி ஓரிரவு ஊறவிட்டு, மறுநாள் தும்பால் தேய்த்துவிட்டு, அந்த இடுக்குகளை மட்டும் ஒரு பழைய பற்தூரிகையால் தேயுங்கள். கத்தியால் சுரண்டினால் புதிய கீறல்கள் உண்டாகி, அடுத்த முறை சோறு அங்கேதான் முதலில் பிடிக்கும். சாம்பலும் தும்பும் கொண்டு தேய்த்த நம் முன்னோரின் முறை இதில் உண்மையாகவே கெட்டித்தனமானது, ஏனெனில் விறகுச் சாம்பலில் பொற்றாசியம் காபனேற்று என்ற காரம் இருக்கிறது, சாம்பல் துகள் தேய்த்தும் கொடுக்கிறது, கழுவிவிடுவதால் உலோகத்தைக் கெடுக்கும் அளவுக்கு நேரம் தங்குவதுமில்லை.

அமுக்கச் சட்டியில், அதாவது குக்கரில், கருகியிருந்தால் மூடியிலுள்ள றப்பர் வளையத்தைக் கழற்றித் தனியாகக் கழுவுங்கள். பாத்திரம் பளபளத்தும் மணம் போகவில்லையென்றால் குற்றவாளி அந்த வளையம்தான். அதை மாற்றிவிடுவது மலிவு. ஒட்டாத பூச்சுள்ள தாச்சி வெறுமையாகக் காய்ந்து புகைந்திருந்தால் நிலைமை வேறு. 260 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறும்போது அந்தப் பூச்சு சிதையத் தொடங்கி நச்சுப்புகை விடுகிறது. கூண்டில் வளர்க்கும் சிறு பறவைகள் அப்புகையால் விரைவில் இறந்துபோகும். அத்தகைய தாச்சியைக் கழுவி மீட்க முயல வேண்டாம்.

வினா: மண்சட்டியில் மீன் குழம்பு அடிப்பிடித்து, எத்தனை முறை கழுவினாலும் அடுத்த குழம்பில் கருகல் சுவை வருகிறது. (வாசகி, தம்பலகாமம்)

விடை: சவர்க்காரம் போட்டுக் கழுவியிருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன், மண்சட்டி நுண்துளைகள் உடையது, சவர்க்காரத்தையும் குடித்துவிடும், பிறகு குழம்பில் அதையும் சேர்த்துத் தரும். சட்டியைச் சாதாரண நீரில் அரைநாள் ஊறவிட்டுத் தும்பால் தேயுங்கள். பின் அரிசி கழுவிய நீரை ஊற்றிக் கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டு, இரண்டு நாள் நல்ல வெயிலில் கவிழ்க்காமல் வாய் மேலாக வைத்துக் காயவிடுங்கள். மணம் தீரும் வரை இதை இரண்டு மூன்று முறை செய்யலாம். நான்காம் முறையும் கருகல் தெரிந்தால் அந்தச் சட்டியில் கறிவேப்பிலைக் கன்று நட்டுவிடுங்கள். அடிப்பிடித்த சூட்டோடு சட்டியில் குளிர்ந்த நீரை ஊற்றுவது பலருக்குக் கைவந்த பழக்கம். அது கரியைப் போக்காது, சட்டியை வெடிக்கவைக்கும்.

வினா: கருகிய கறியைக் காப்பாற்ற முடியுமா? வெங்காயமோ பாண் துண்டோ போட்டால் மணம் போய்விடும் என்கிறார்கள். (பல்கலைக்கழக மாணவர், திருகோணமலை நகர்)

விடை: கருகல் தெரிந்ததும் கிளறாதீர்கள். அடுப்பை நிறுத்தி, மேலே உள்ளதை மட்டும் அகப்பையால் மெல்ல அள்ளி வேறு சட்டிக்கு மாற்றுங்கள்; அடியைத் தொடக்கூடாது. முதற் சில நிமிடங்களில் இதைச் செய்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும். சோற்றின் மேல் பாண் துண்டை வைத்து மூடினால் ஆவியோடு எழும் மணத்தில் ஒரு பகுதியை அது பிடித்துக்கொள்ளும், அவ்வளவே. சோற்றுக்குள் ஏறிய சுவையை அதனால் எடுக்க முடியாது. பால் தீய்ந்தால் ஒன்றும் செய்ய இயலாது. அந்த மணம் பால் முழுவதும் பரவிவிடும், ஏலக்காய் போட்டாலும் ஏலக்காய் போட்ட தீய்ந்த பாலாகவே இருக்கும். எண்ணெய் தீப்பற்றினால் மட்டும் மணத்தைப் பற்றி எண்ண நேரமில்லை: அடுப்பை நிறுத்தி மூடியால் மூடிவிட வேண்டும், நீர் ஊற்றவே கூடாது. ஊற்றிய நீர் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரை வரை வீசியெறியும்.

வினா: எங்கள் வீடு கடற்கரைக்கு அருகில் உள்ளது. சமைக்காத நேரங்களிலும், குறிப்பாக இரவில் தேநீருக்கு மின்கேத்தலைப் போடும்போது, கருகிய மீன் போன்ற மணம் வருகிறது. மீன் விற்கும் இடம் பக்கத்தில் என்பதால் இவ்வளவு நாளும் பொருட்படுத்தவில்லை. குசினி முழுவதையும் கழுவியும் போகவில்லை. (வாசகர், திருகோணமலை நகர்)

விடை: இக்கடிதத்துக்கு இதழ் வெளிவரும் வரை காத்திராமல் அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கும் எழுதுகிறேன். இது துடைத்துப் போக்க வேண்டிய மணமன்று. மின்செருகிகளும் ஆளிகளும் செய்யப்படும் சில வகைப் பிளாஸ்ரிக்குகள் அளவுக்கு மீறிச் சூடேறும்போது, மீனை ஒத்த மணத்தை விடுகின்றன. கடலோர நகரத்தில் வாழும் நாம் அந்த மணத்தை மீனின் கணக்கில் எழுதிவிடுவது இயல்பு. அதனாலேயே இங்கு இதை இரட்டிப்புக் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

கணக்கு எளிது. 2,000 வாற்று மின்கேத்தல் ஒன்று நம் 230 வோற்று மின்சாரத்தில் ஏறத்தாழ 8.7 அம்பியர் இழுக்கிறது. அதை ஒரு மாற்றுச் செருகி வழியாக 5 அம்பியர் துளையில் பொருத்தினால், அத்துளை தாங்கக்கூடியதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலான மின்னோட்டம் அதனூடாகப் போகிறது. கடற்காற்றின் உப்பு பித்தளைத் தொடுமுனைகளை அரித்துப் பச்சைபிடிக்க வைக்கும். அரித்த இடத்தில் தொடுகை தளர்ந்து தடை கூடும். தடை கூடிய இடம் சூடேறும். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று ஆறுதல்கொள்ள வேண்டாம். அது மின்கசிவைக் கண்டு விழுவது. தளர்ந்த தொடுகையில் கசிவும் இல்லை, மொத்த மின்னோட்டமும் கூடுவதில்லை என்பதால், பிளாஸ்ரிக் கருகிக்கொண்டிருக்கும்போதும் எந்த ஆளியும் விழாமல் இருக்கக்கூடும்.

எனவே இத்தகைய மணம் வந்தால் முதன்மை ஆளியை நிறுத்துங்கள். ஆறிய பின் செருகியைக் கழற்றி, அதன் ஊசிகளைச் சுற்றியும் சுவர்த்துளையைச் சுற்றியும் பழுப்புக் கறையோ உருகலோ உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் செருகியும் துளையும் இரண்டும் மாற்றப்பட வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் கெட்டது நல்லதையும் கெடுத்துவிடும். கறை தெரியாவிட்டாலும் மின்னியலாளர் வந்து பார்க்கும் வரை அந்தத் துளையைப் பயன்படுத்த வேண்டாம். அடுத்த கடிதத்தில் இவ்வாசகர், தம் வீட்டுச் சுவர்த்துளையின் பின்புறக் கம்பியுறை விரற்கடை நீளத்துக்குக் கருகியிருந்ததாக எழுதியிருந்தார்.

வினா: 2022 இல் எரிவாயு கிடைக்காத நாட்களில் விறகுக்கு மாறினோம், செலவைக் கருதி இன்னும் விறகில்தான் சமைக்கிறோம். மாரியில் வீட்டிலும் பிள்ளைகளின் பாடசாலை உடுப்பிலும் புகை மணம் நிற்கிறது. (வாசகி, நிலாவெளி)

விடை: நாள்தோறும் படியும் புகையை நாள்தோறும் கழுவிக்கொண்டிருக்க முடியாது, புகையைக் குறைப்பதுதான் வழி. மாரியில் புகை கூடுவதற்கு ஈரவிறகே முதற் காரணம். அடுப்பின் வெப்பம் நீரை ஆவியாக்குவதில் செலவாகி, விறகு எரியாமல் புகைந்துகொண்டிருக்கும். கச்சான் காலத்திலேயே பிளந்து, கூரையின் கீழ், தரையில் படாமல் இரண்டு கல்லின் மேல் அடுக்கிவைத்த விறகு மாரியிலும் நன்றாக எரியும். இவ்வாண்டு அது தவறிவிட்டதென்றால், அடுத்த நாளுக்குரிய விறகை அடுப்பின் அருகே, நெருப்புப் பற்றாத தூரத்தில், முதல் நாளே வையுங்கள். புகைபோக்கி கூரை முகட்டைவிட உயரமாக இல்லாவிட்டால், வாடைக்காற்று புகையைத் திரும்ப உள்ளே தள்ளிவிடும். குசினிக்கும் கூடத்துக்கும் இடையிலுள்ள கதவை அடைத்து, குசினியின் வெளிக்கதவைத் திறந்துவைத்துச் சமையுங்கள். பிள்ளைகளின் உடுப்பைக் குசினியை அடுத்த கொடியில் காயப்போட வேண்டாம்.

இதை மணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. வீட்டுக்குள் எரியும் விறகு, கரி, மண்ணெண்ணெய் போன்றவற்றின் புகையால் 2020 இல் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது. தணலில் இருந்து வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமே கிடையாது என்பதால், ஈரத்துணி காய்வதற்கென்று தணற்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவை அடைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். புகை மணக்கவில்லையே என்பது அங்கே எந்தப் பாதுகாப்புமில்லை.

வினா: மைக்ரோவேவில் பாணைச் சூடாக்க வைத்து மறந்துபோய்க் கரியாகிவிட்டது. இப்போது எதைச் சூடாக்கினாலும் கருகல் மணம். (வாசகர், சீனக்குடா)

விடை: ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் அரைவாசிக்கு நீர் ஊற்றி, ஒரு தேசிக்காயை நறுக்கிப் போட்டு, நீர் திடீரெனப் பொங்காதிருக்க ஒரு மரக்கரண்டியையும் அதில் வைத்து, ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். நின்றதும் கதவைத் திறக்காமல் பத்து நிமிடம் விட்டால், ஆவி உட்சுவரில் படிந்து கரிப்படலத்தை இளக்கியிருக்கும். கண்ணாடித் தட்டையும் அதன் கீழுள்ள வளையத்தையும் கழற்றிக் கழுவி, மேற்கூரையையும் கதவின் உள்விளிம்பையும் மறவாமல் துடையுங்கள். பிறகு ஒரு சிறு கிண்ணத்தில் அப்பச்சோடாவை உள்ளே வைத்து, கதவைத் திறந்தபடியே ஓரிரவு விடுங்கள். பல்லி புகுந்துவிடும் என்ற பயம் இருந்தால், கதவின் மேல் ஒரு மெல்லிய துணியைத் தொங்கவிட்டால் போதும்.